நான்காம் எண் கொடி

மார்லிஸ் ஹாப்பலாவுக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் சினமன் ரோல்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை என்றால் கறியும் பீன்ஸும் போட்ட சில்லியும் சினமன் ரோலும்தான். இருபத்தெட்டு வருடமாக அந்த ஊரில் அதில் மாற்றமில்லை. பின்கதவைத் தள்ளிக்கொண்டு கோடி மட்டிலா உள்ளே வந்தான். சிறு வயதில் அவள் கையால் ஆறு வருடம் சாப்பிட்டவன், இப்போது ஷெரிஃப் ஆபீசில் டெபுடி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"மிஸஸ் ஹாப்பலா, கொஞ்சம் உட்காருங்களேன்."

"இங்க ஏதுப்பா நாற்காலி? நின்னுக்கிட்டே கேக்குறேன், சொல்லு."

"கெட்டில் ஏரில... உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்திருக்கு. ஆம்புலன்ஸ் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. டுவேன் கூடத்தான் இருந்தாரு."

மார்லிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. முதல் வரிசை பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்துவிடும்.

"இருநூத்திப் பதினாலு பிள்ளைங்க தட்டோட நிப்பாங்க. முடிச்சுட்டு வர்றேன், இரு" என்றாள்.

கூட வேலை பார்த்த ரொஸெல்லா ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கப் பார்த்தாள். மார்லிஸ் கொடுக்கவில்லை. கோடி ஒரு பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஐம்பது நிமிடம் அப்படியே இருந்தான். அவள் ஒவ்வொரு தட்டிலும் ஒரு கரண்டி சில்லியும் ஒரு ரோலும் வைத்தாள். ஒரு சிறுமி இன்னொரு ரோல் கேட்டாள், கொடுத்தாள். கடைசித் தட்டு போனதும் ஏப்ரனை அவிழ்த்து மடித்து ஆணியில் மாட்டிவிட்டு அவனோடு கிளம்பினாள்.

அதற்குப் பிறகு ஊரில் இரண்டு பேச்சு ஓடியது. கல் நெஞ்சுக்காரி என்றார்கள் சிலர். அதிர்ச்சியில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள் சிலர். மார்லிஸிடம் கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அன்றைக்கு ரோல் கருகாமல், நல்ல பதத்தில் வந்திருந்தது. அது ஒன்றுதான் அவள் நினைவில் தெளிவாக நின்றது.

அப்போது அவளுக்கு வயது அறுபத்தொன்று. அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா இரும்புத்தாது ஏற்றிப்போகும் ரயிலில் வேலை பார்த்தவர். பத்தொன்பது வயதில் சாலையோர உணவுவிடுதியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். சுரங்கத்தில் லாரி எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் வெர்லின் அங்கே தினமும் ஆப்பிள் பை சாப்பிட வருவான். அந்த இனிப்பில் அவனுக்கு அவ்வளவு ஆசை இல்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. எண்பதுகளில் சுரங்கம் இரண்டு வருடம் மூடிக் கிடந்தது. அந்த இரண்டு வருடமும் மான் கறியும் ஏரி மீனும்தான் அவர்களைக் காப்பாற்றின. அந்தக் காலத்தில் பிடித்த பழக்கத்தை வெர்லின் விடவே இல்லை. டிசம்பரில் ஏரி உறைந்து ஆள் பாரம் தாங்கும் என்றால் போதும், கிளம்பிவிடுவான். பக்கத்துத் தெரு டுவேன் ஸ்கூபிச் துணை. இரண்டு பேரும் நாற்பது வருடமாக ஒருவனை ஒருவன் திட்டிக்கொண்டே ஒன்றாகச் சுற்றியவர்கள்.

வெர்லினிடம் ஆறு கொடிப்பொறிகள் இருந்தன. பொறி என்றால் பெரிய சங்கதி இல்லை. ஐஸில் போட்ட துளையின் மேல் குறுக்கே கிடக்கும் ஒரு கட்டை. அதிலிருந்து தண்டு ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். தண்டின் அடியில் தூண்டில் நூல் சுற்றிய உருளை. மீன் இரையைக் கவ்வி இழுத்தால் உருளை சுழலும், தண்டு திரும்பும், மேலே வளைத்து மாட்டியிருக்கும் கம்பி விடுபட்டுக் கொடி நிமிரும். ஆறு துளைக்கு ஆறு பொறியை வைத்துவிட்டு, பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு பார்த்திருக்கலாம். கொடி ஏறினால் ஓட வேண்டியதுதான்.

"கொடி பொய் சொல்லாது" என்பான் வெர்லின்.

அவனே நம்பாத பேச்சு அது. கொடி இரண்டு விதமாகவும் பொய் சொல்லும். தண்டுக்குள் போடும் கிரீஸ் குளிரில் இறுகிவிட்டாலோ, துளையில் ஐஸ் பாளம் கட்டிக்கொண்டாலோ, மீன் வந்து இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும். கொடி சும்மா கிடக்கும். காற்று பலமாக அடித்தால் மீன் இல்லாமலே கொடி நிமிரும். இந்த இரண்டாவது வம்புக்காகத்தான் கம்பியை மாட்டும் இடத்தில் இரண்டு பக்கம் வைத்திருந்தார்கள். ஒன்று வழவழப்பானது, லேசாகத் தொட்டாலே விட்டுவிடும். மற்றது பள்ளம் வெட்டியது, நல்ல இழுப்புக்குத்தான் விடும். காற்று நாளில் பள்ளத்தில் மாட்ட வேண்டும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மார்லிஸ் மீன் பிடிக்கப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் பழைய நூலைக் கழற்றிப் புது நூல் சுற்றும்போது ஒரு முனையை அவள்தான் பிடிப்பாள். நைந்த கொடிகளுக்குத் துணி தைத்துக் கொடுப்பதும் அவள்தான். கடைசி மூன்று வருடமாக வெர்லினுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. நாணல் முனைக்குப் பக்கத்தில், தூரத்தில் வைக்கும் நான்காம் எண் பொறி அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவள் அவனுடைய பழைய வேட்டை ஜாக்கெட்டின் ஆரஞ்சுத் துணியைக் கிழித்து, மற்றக் கொடிகளைப் போல இரண்டு மடங்கு பெரிதாக ஒரு கொடி தைத்துப் போட்டாள்.

"என்னடி இது, கப்பல் பாய் மாதிரி?" என்று சிரித்தான் வெர்லின். "இவன் காத்துல பறந்து கனடாவுக்கே போயிருவான்."

"தெரியுதா இல்லையா, அத மட்டும் சொல்லுய்யா."

"குருடனுக்கும் தெரியும்."

அந்தப் பெரிய கொடிக்காரனை எந்த நாளானாலும் பள்ளத்தில்தான் மாட்டுவது என்று அவன் வழக்கம் வைத்துக்கொண்டான்.

இறப்பதற்கு ஒரு வருடம் முன்னால் வெர்லினுக்கு டுலூத் ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். குளிரில் ஓடக் கூடாது, பனி அள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கொடி ஏறினாலும் நடந்துதான் போக வேண்டும் என்று மார்லிஸ் அவனிடம் வாக்குறுதி வாங்கினாள். அவனும் தலையாட்டினான்.

இறுதிச் சடங்கு முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. ஹாம் சாண்ட்விச், கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ், எலுமிச்சை கேக் துண்டு. அங்கேதான் டுவேன் முதன்முதலாக அந்த மீனைப் பற்றிச் சொன்னான். காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, கண் சிவந்து, நாலு பேர் நடுவில் நின்றிருந்தான்.

"நாலாம் நம்பர் கொடி ஏறுச்சு. 'கொடி!'ன்னு ஒரு கத்து கத்தினான் பாருங்க, பதினெட்டு வயசுப் பையன் மாதிரி. நான் கதவத் தொறக்கிறதுக்குள்ள பாதி தூரம் ஓடிட்டான். மண்டி போட்டு நூலப் பிடிச்சான். பெரிய நார்தர்ன். பதினஞ்சு பவுண்டு இருக்கும். துளை வாய் வரைக்கும் கொண்டுவந்துட்டான். நான் கண்ணால பாத்தேன், தலை தெரிஞ்சுது. அப்புறம்தான் சாஞ்சான்."

நார்தர்ன் என்பது பல் நிறைந்த வாயோடு பதுங்கியிருந்து பாயும் மீன். அந்த ஏரியில் பதினைந்து பவுண்டு நார்தர்ன் என்பது ஆயுளில் ஒருமுறை வருவது. கேட்டவர்கள் எல்லோரும் மார்லிஸிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "கொடுத்து வெச்ச சாவு" என்றார்கள். "எத்தனை பேருக்கு அமையும்?" என்றார்கள். அவள் தலையசைத்தாள். டுலூத்திலிருந்து வந்திருந்த மகள் கெர்ஸ்டின் அந்தக் கதையைக் கேட்டு அழுதுகொண்டே சிரித்தாள். மார்லிஸுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல உள்ளே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இருக்கிறது, ஆனால் தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள். பிப்ரவரி போனது. மீன் வளர்ந்தது. கடையில் ஒருவர் பதினெட்டு பவுண்டு என்றார். பெட்ரோல் பங்கில் இருபது என்றார்கள். யார் என்ன சொன்னாலும் அவள் ஆமாம் என்றாள். வீட்டில் வெர்லினுடைய பூட்ஸ் வாசலில் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். இரண்டு பேருக்குச் சமைத்து, ஒரு பங்கை டப்பாவில் போட்டு, அடுத்த நாள் அதையே சாப்பிட்டாள். தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை சொல்லும்போது சத்தத்தைக் கூட்டினாள், ஏரியில் ஐஸ் எத்தனை அங்குலம் என்று கேட்பதற்காக. கேட்டு என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

மார்ச் மாதம் நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்தது. கூரையில் பனி உருகிச் சொட்டியது. வண்டிக் கொட்டகையைத் திறந்தபோது ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, அலமாரிக்குப் பின்னால், பனிவண்டிக்கு அடியில் எல்லாம் தேடினாள். நாற்றம் மீன்பிடி வாளியிலிருந்து வந்தது. அன்றைக்கு டுவேன் பொறிகளை எல்லாம் வாரி வாளியில் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. அதன் பிறகு யாரும் தொடவில்லை.

அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஐந்து பொறிகளில் தூண்டில் முள் வெறுமையாக இருந்தது. இரை மீனைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் டுவேன் நூலைச் சுற்றியிருக்கிறான். ஆறாவது, ஆரஞ்சுக் கொடி போட்டது, அடியில் கிடந்தது. அதை அவசரமாகச் சுற்றியிருந்தான். நூலெல்லாம் தாறுமாறு. முள்ளில் இரை மீன் அப்படியே இருந்தது. உள்ளங்கை நீளம், முதுகுத் துடுப்புக்கு அடியில் முள் மாட்டியது. வெயில் பட்டு இளகி அழுக ஆரம்பித்திருந்தது. அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செதில்கூடக் கலையவில்லை. நார்தர்ன் கவ்விய இரையை அவள் நாற்பது வருடமாகப் பார்த்திருக்கிறாள். இரண்டு பக்கமும் கத்தியால் கீறியது போல இருக்கும். பல நேரம் தலை மட்டும் மிஞ்சும்.

இதை எந்த மீனும் தொடவில்லை.

மார்லிஸ் அந்த இரையை முள்ளிலிருந்து கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு அன்றைக்குத் துவைக்க வேண்டியதைத் துவைத்தாள். தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். மாலை வரை எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒரு கேள்வி மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. மீன் இல்லை என்றால் கொடி ஏன் ஏறியது?

மறு சனிக்கிழமை மறுபடி குளிர் இறுக்கிப் பிடித்தது. வடமேற்கிலிருந்து காற்று. அவள் பொறிகளையும் கைத் துளைப்பானையும் சறுக்குப் பலகையில் ஏற்றி வெர்லினுடைய பிக்கப்பில் போட்டுக்கொண்டு கெட்டில் ஏரிக்குப் போனாள். ஐஸ் இன்னும் இரண்டு அடிக்கு மேல் இருந்தது. இரண்டு துளை போட அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நடுவில் நின்று நின்று மூச்சு வாங்கினாள். ஒரு துளையில் நான்காம் எண்ணை வைத்தாள். பத்தடி தள்ளி இன்னொரு துளையில் சின்னக் கொடி போட்ட இரண்டாம் எண்ணை வைத்தாள். இரை இல்லை, முள்ளையும் கழற்றிவிட்டு ஈயக் குண்டு மட்டும் கட்டினாள். இரண்டையும் வழவழப்பான பக்கம் மாட்டினாள். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு பார்த்தாள்.

ஆரஞ்சுத் துணி ஐஸை ஒட்டிப் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாவது நிமிடம் கம்பி நழுவியது. கொடி எழுந்து நின்றது.

அவள் எழுந்து போய் உருளையைப் பார்த்தாள். நூல் ஒரு விரற்கடைகூட ஓடவில்லை. மறுபடி வளைத்து மாட்டினாள். ஏழு நிமிடத்தில் மறுபடி ஏறியது. இன்னொரு முறை. இரண்டாம் எண் அசையவில்லை.

பிறகு நான்காம் எண்ணைப் பள்ளத்தில் மாட்டினாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். துணி அதே மாதிரி அடித்துக்கொண்டது, கம்பி விடவே இல்லை. மீண்டும் வழவழப்புக்குத் திருப்பினாள். இந்த முறை சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, துணியை மற்றக் கொடிகளின் அளவுக்கு வெட்டினாள். வெட்டிய துண்டு காற்றில் போய்விட்டது. அவள் பிடிக்க முயலவில்லை. சின்னக் கொடியோடு நான்காம் எண் ஒரு மணி நேரம் சும்மா கிடந்தது.

பள்ளத்தில் மாட்டியிருந்தால் ஏறியிருக்காது. துணி சின்னதாக இருந்திருந்தாலும் ஏறியிருக்காது. இரண்டும் சேர்ந்ததால் ஏறியது.

துணியை யார் பெரிதாகத் தைத்தது என்பதற்கு அவள் யாரிடமும் போக வேண்டியதில்லை. மற்றதற்குத்தான் டுவேனிடம் போக வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனாள். டுவேன் தனியாள், மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் இருபது வருடம் ஆகிறது. அவன் அக்கா செய்து அனுப்பிய அக்ரூட் ரொட்டியை வெட்டி வைத்தான், காப்பி ஊற்றினான்.

"என்ன மார்லிஸ், திடீர்னு? குழாய் கிழாய் உறைஞ்சு போச்சா?"

"இல்ல. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நாலாம் நம்பர யார் வெச்சது?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "எதுக்குக் கேக்குற?"

"சொல்லேன்."

"நான்தான். அவனுக்குக் கை விறைச்சுப்போச்சு. 'நீ போய் வைடா, நான் இங்கருந்து மேற்பார்வை பாக்குறேன்'னான்."

"எந்தப் பக்கம் மாட்டுன?"

டுவேன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரனின் பனிக்குவியல்தான்.

"வழவழப்பு" என்றான். "காலைலேருந்து ஒண்ணும் கடிக்கல. மீன் மந்தமா இருக்கு, லேசா தொட்டாலும் தெரியட்டும்னு மாட்டிட்டேன். அப்ப காத்து இல்ல மார்லிஸ். சத்தியமா இல்ல. பத்து மணிக்கு மேலதான் ஆரம்பிச்சுது. மாத்தணும்னு தோணுச்சு. வண்டிக்குள்ள கதகதப்பா இருந்துச்சு. அப்புறம் பாத்துக்கலாம்னு..."

"இரை மீன் முள்ளுலயே இருந்துச்சு டுவேன். வாளில."

அவன் ஒரே நொடியில் கிழவனாகிப் போனான்.

"மீன் இல்ல" என்றான்.

"தெரியும்."

"நீ முழுசா கேளு. நான் வேணும்னு கட்டுன கதை இல்ல அது. அவன் ஓடிப் போயி துளைகிட்ட மண்டி போட்டான். குனிஞ்சான். எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது. நூலப் பிடிச்சிருக்கான், மீனோட மல்லுக் கட்டுறான்னுதான் நெனச்சேன். கண்ணாடிய இறக்கி, 'பெருசாடா?'ன்னு கத்துனேன். பதில் இல்ல. பெரிய மீனா இருந்தா அவன் பேச மாட்டான், உனக்குத்தான் தெரியுமே. நான் இன்னொரு கப் காப்பி ஊத்திக்கிட்டேன். அவனே புடிக்கட்டும், நான் போய் நின்னா 'குறுக்க வராதடா'ன்னு திட்டுவான். உக்காந்து சாண்ட்விச் தின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம். ஆறு இருக்கும். பாதி சாண்ட்விச்."

"நான் குடுத்துவிட்டதா?"

"ஆமா. ஹாம்."

அன்றைக்குக் கடுகு போட்டோமா என்று மார்லிஸ் யோசித்தாள். போட்டிருந்தாள். வெர்லினுடையதில் இரண்டு பக்கமும்.

"அந்த ஆறு நிமிஷமும் நான் மீன்தான் பாத்தேன்" என்றான் டுவேன். "இன்னும் கண்ண மூடுனா மீன்தான் தெரியுது. தேவாலயத்துல எல்லாரும் கேட்டப்ப, எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். அதுல மீன் இல்லாம எப்பிடிச் சொல்றது? மீன் இல்லன்னா நான் எதப் பாத்துக்கிட்டு காப்பி குடிச்சேன்?"

அவன் மேசையில் நெற்றியை வைத்து அழுதான். அறுபத்து நாலு வயது ஆள், தோள் குலுங்க அழுவதை அவள் உட்கார்ந்து பார்த்தாள். அவன் கையைத் தொட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் கைக்குப் போய்ச் சேரவில்லை. எழுந்து போய்க் காலிக் கோப்பைகளைக் கழுவினாள், துடைத்து வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"துணி நான் தச்சது" என்றாள்.

"என்ன துணி?"

"அந்தக் கொடி. பெருசா வெட்டித் தச்சது நான். நேத்து ஏரிக்குப் போயி வெச்சுப் பாத்தேன். உன் பக்கம் மாட்டி, என் துணியும் இருந்தாத்தான் ஏறுது. ஒண்ண மாத்துனாலும் ஏறல."

டுவேன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "தனியாவா போன? துளை யார் போட்டா?"

"நான்தான்."

"ரெண்டடி ஐஸ். கைத் துளைப்பான்ல."

"ஆமா."

"உனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு" என்றான், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அவனுக்குக் கண்ணு தெரியலன்னுதானே தச்ச? அது எப்பிடித் தப்பாகும்?"

"நீயும் மீன் கடிக்கட்டும்னுதானே மாட்டுன?"

அடுப்பில் விறகு ஒருமுறை வெடித்தது. மார்லிஸ் சொன்னாள்:

"நடந்து போறேன்னு சொல்லியிருந்தாரு."

"அவனா? எந்த ஜென்மத்துல அவன் நடந்தான்?"

டுவேன் பிறகு கேட்டான், ஊரில் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று. அவள் ரொட்டியில் ஒரு துண்டு எடுத்துத் தின்றாள். அக்ரூட்டும் தேனும் வாய்க்குத் தெரிந்தன, ருசி தெரியவில்லை.

"மீன் இப்ப எத்தன பவுண்டு?" என்று கேட்டாள்.

"இருபத்திரெண்டுன்னு பேசிக்கிறாங்க. நான் சொல்லல, நான் பதினஞ்சோட நிறுத்திட்டேன்."

"அதுக்கு மேல ஏறவிடாத. அந்த ஏரில அவ்வளவு பெருசு கிடையாதுன்னு நாலு பேருக்குத் தெரியும். அப்புறம் வெர்லின் கதையே பொய்ன்னுவாங்க."

அவ்வளவுதான் அதைப் பற்றி அவர்கள் பேசியது. மகளிடம் மட்டும் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஏப்ரலில் ஒருநாள் போனில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். இரை மீன், காற்று, பக்கம், துணி. சமையல் குறிப்புச் சொல்வது போலச் சொன்னாள். கெர்ஸ்டின் கேட்டாள்:

"அப்ப அப்பா ஒண்ணுமில்லாததுக்கா ஓடினாரு?"

"ஓடும்போது அவருக்கு அது தெரியாதுல்ல."

"அம்மா, நீ அழுறியா?"

"இல்லடி. சளி."

சளிதான். பொய் இல்லை.

டாக்டரிடம் ஒருமுறை வேறு காரியமாகப் போனபோது கேட்டாள். ஆறு நிமிடம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று. அந்த இளம் டாக்டர் பெண் பழைய படங்களைக் கணினியில் எடுத்துப் பார்த்தாள். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றாள். ஏரியில் இது நேராவிட்டால் வாசலில் பனி அள்ளும்போது நேர்ந்திருக்கும் என்றாள். நல்ல மனதோடு சொன்னது. மார்லிஸ் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். டுவேனிடம் இதில் பிற்பாதியை மட்டும் சொன்னாள்.

அந்த மே மாதத்தோடு பள்ளிக்கூட வேலையை விட்டாள். விடைபெறும் விருந்தில் பிள்ளைகள் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சிலர் ரோல் படம் வரைந்திருந்தார்கள். வெர்லினுடைய பூட்ஸைக் கோடி மட்டிலாவுக்குக் கொடுத்தாள். அவனுக்கு அளவு சரியாக இருந்தது. ஐந்து பொறிகளைக் கெர்ஸ்டினின் கணவன் எடுத்துக்கொண்டான். நான்காம் எண்ணை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. கம்பி மாட்டும் அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு, கட்டையை அடுப்பில் போட்டு எரித்தாள். நல்ல காய்ந்த மரம். கால் மணி நேரம் எரிந்தது.

அடுத்த டிசம்பரில் ஏரி உறைந்ததும் டுவேன் வாசலில் வந்து நின்றான். உள்ளே வராமல், பூட்ஸ் பனியை உதறிக்கொண்டே கேட்டான்.

"தனியா போய் உக்காந்தா மண்ட காயுது. வர்றியா?"

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது."

"தனியா ரெண்டு துளை போடத் தெரியுது?"

அவள் போனாள். கொடிப்பொறி வேண்டாம் என்றாள். முழ நீளத் தூண்டில் குச்சி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐஸ் மேல் அடித்த சின்னக் கூடாரத்துக்குள் துளையின் மேல் குனிந்து உட்கார்ந்தாள். நூல் விரலில் கிடந்தால் போதும், மீன் வந்ததா இல்லையா என்று விரலுக்கே தெரியும் என்றாள். டுவேன் வெளியே தன் பொறிகளை வைத்தான், எல்லாவற்றையும் பள்ளத்தில். ஒன்றும் கடிக்கவில்லை. அவன் ஒவ்வொரு தடவை வெளியே பார்க்கும்போதும் அவள் துளையையே பார்த்தாள். அப்படியே ஆறு வியாழக்கிழமை போனது.

ஏழாவது வியாழன் மத்தியானம் அவள் விரலில் நூல் கனத்தது. இழுத்தாள். வழுக்கிக்கொண்டு, பழுப்பும் பச்சையுமாக, விலாங்கு மாதிரி வாலோடு ஒன்று மேலே வந்து அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. ஈல்பவுட். அந்த ஊரில் பாதிப் பேர் அதைக் கண்டாலே ஐஸில் வீசிவிட்டுப் போவார்கள்.

"அய்யய்யே, உதறு, உதறு!" என்று கத்தினான் டுவேன். "அசிங்கம் பிடிச்சது! தூக்கிப் போடு!"

"ஏன் போடணும்?" என்றாள் மார்லிஸ், வாலை மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டே. "வேகவெச்சு வெண்ணெய் ஊத்துனா நல்லா இருக்கும்னு எங்கப்பா சொல்லுவாரு."

"நீ தின்னு. நான் பாக்குறேன்."

வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோலை உரித்து, முதுகுச் சதையைத் துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் வேகவைத்தாள். வெண்ணெயை உருக்கினாள். டுவேன் பார்க்க வந்தவன் மூன்று துண்டு தின்றான். உப்புக் குறைவு என்றான். அவள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று பார்த்தாள். குறைவுதான். உப்பை எடுத்து வந்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.